குச்சியில் இருக்கிறது விஷயம்: சேலம் சிறு விவசாயிக்கு உதவும் ஆராய்ச்சி எது?

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுபவர் தன் கிழங்கை எடைக்கு மட்டும் விற்பதில்லை. ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலை வாசலில் லோடில் இருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து, மண் போகக் கழுவி, பாயிண்ட் தராசில் வைத்துத் தண்ணீருக்குள் நிறுத்துவார்கள். மாவுச்சத்து கூடுதலாக உள்ள கிழங்கு அடர்த்தியாக இருக்கும். தண்ணீருக்குள்ளும் அதன் எடை கூடுதலாகக் காட்டும். அதை வைத்து 24, 26, 28 என்று பாயிண்ட் சொல்லி, பாயிண்ட்டுக்கு இத்தனை ரூபாய் என்று டன்னுக்கு விலை போடுவார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 28 பாயிண்ட் கிழங்கு 10 டன் என்றால் 280. 24 பாயிண்ட் கிழங்கு பதினொன்றரை டன் என்றால் 276. ஒன்றரை டன் அதிகம் விளைவித்தவருக்குக் கையில் வருவது குறைவு. போதாததற்கு அந்த ஒன்றரை டன்னைப் பிடுங்கவும் ஏற்றவும் கூலி, லாரி வாடகை வேறு. ஏக்கருக்கு எத்தனை டன் என்று மட்டும் பார்த்து ஒரு ரகத்தை நல்ல ரகம் என்று முடிவுகட்டும் ஆராய்ச்சி, இந்த ஊரில் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1.85 ஏக்கர். 100 உடைமைகளில் 90க்கு மேல் குறு, சிறு விவசாயிகளுடையவை. இவ்வளவு சிறிய நிலத்தை வைத்திருப்பவருக்கு ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த பருவத்துக்குக் கைமுதல் இருக்காது. அதனால் அவருக்கான ஆராய்ச்சி இரண்டு கேள்விகளோடு தொடங்க வேண்டும். மோசமான ஆண்டில் இந்தத் தொழில்நுட்பம் எவ்வளவு நட்டம் வைக்கும்? இதைச் செய்யத் தேவையான பொருள் அவர் ஊரிலேயே, அவர் கையில் இருக்கும் காசுக்குக் கிடைக்குமா? உச்ச விளைச்சல் எவ்வளவு என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. சேலத்தில் வெற்றி பெற்றவற்றையும் தேங்கிப்போனவற்றையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் புரிந்துவிடும்.

நிலையத்தில் ஜெயித்தது வயலில் ஏன் தோற்கிறது

ஆராய்ச்சி நிலையத்தில் வேண்டுமென்றே எல்லாவற்றையும் சமமாக வைப்பார்கள். ஒரே மாதிரி மண், தவறாத தண்ணீர், நேரத்துக்குக் களையெடுப்பு. இரண்டு ரகங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்வது அது, தவறே இல்லை. ஆனால் அங்கே கிடைத்த எண்ணை அப்படியே பரிந்துரையாக அச்சடித்து ஊருக்கு அனுப்பினால்தான் சிக்கல். கிணறு வற்றிய மாதம், களையெடுக்க ஆள் கிடைக்காத வாரம், உரம் வாங்கக் காசு இல்லாத பருவம் எதுவும் அந்த எண்ணுக்குள் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான் வேளாண் அறிவியல் நிலையங்கள். நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. சேலம் மாவட்டத்துக்கு சந்தியூரில் இருக்கிறது. இவற்றின் கையில் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று வயல்வெளிச் சோதனை, இன்னொன்று முதல்நிலைச் செயல்விளக்கம். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். சோதனை என்றால், புதிய முறை இந்த ஊருக்கு ஒத்துவருமா என்பது இன்னும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு செய்வது. செயல்விளக்கம் என்றால், ஒத்துவரும் என்று தெரிந்த பிறகு அதை அக்கம்பக்கத்தாருக்குக் காட்டுவது. சோதனையைத் தாண்டிக் குதித்து நேரே செயல்விளக்கத்துக்குப் போவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

மரவள்ளியில் வயல்வெளிச் சோதனையைச் சரியாகச் செய்ய என்ன தேவை? ஒரு விவசாயியின் வயலில் 5 சென்ட் புதிய ரகத்துக்கு, 5 சென்ட் அவர் வழக்கமாகப் போடும் ரகத்துக்கு. 75 செ.மீ. இடைவெளியில் 5 சென்டுக்கு ஏறக்குறைய 360 செடி வரும். ஓர வரிசைச் செடிக்கு வெயிலும் இடமும் கூடுதல், கிழங்கும் பெருக்கும். அதனால் நான்கு பக்கமும் ஒரு வரிசையைக் கழித்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் எடைபோட வேண்டும். மாற்றுவது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். புதிய ரகம், புதிய உரம், சொட்டுநீர் என்று மூன்றையும் ஒரே பக்கத்தில் போட்டால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. இதே சோதனையை எட்டுப் பத்து விவசாயிகளின் வயலில் ஒரே பருவத்தில் செய்ய வேண்டும். ஒவ்வொருவர் வயலிலும் அதே சோதனை ஒருமுறை திரும்ப நடப்பதாகக் கணக்கு.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஆள் தேர்விலேயே. ரோட்டோரத்து வயல், போர்வெல் உள்ளவர், அதிகாரிகளுக்குத் தெரிந்த முகம் என்று பத்துப் பேரையும் எடுத்தால், கிடைக்கும் முடிவு அந்தப் பத்துப் பேருக்குத்தான் பொருந்தும். இன்னொரு கேடு இலவச இடுபொருள். உரத்தையும் மருந்தையும் திட்டமே கொடுத்துவிட்டால், காசு போட்டு வாங்க வேண்டிய அடுத்த ஆண்டு அந்த முறை நிலைக்குமா என்பதே சோதிக்கப்படுவதில்லை.

முடிவைப் படிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். உதாரணத்துக்கு, 10 வயல்களில் புதிய ரகம் சராசரியாக ஏக்கருக்கு 2 டன் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். பிரித்துப் பார்த்தால் 7 இறவை வயல்களில் நன்றாக ஏறி, 3 மானாவாரி வயல்களில் பழைய ரகத்தைவிட இறங்கியிருக்கலாம். சராசரி இதை மறைத்துவிடும். அந்த 3 பேருக்குப் பரிந்துரை வேறாக இருக்க வேண்டும். வயல்களை நல்லது, நடுத்தரம், மோசம் என்று வரிசைப்படுத்தி ஒவ்வொரு மட்டத்திலும் எந்த ரகம் முந்துகிறது என்று பார்க்கும் முறை 1980களிலேயே வந்துவிட்டது. நம் பக்கத்துப் பரிந்துரைத் துண்டறிக்கைகளில் அது இன்னும் அபூர்வம்.

வயல்கள் அதிகம், ஆட்கள் குறைவு என்ற நிலைக்கு ஆப்பிரிக்காவில் மலாவியில் உருவான தாய்-சேய் சோதனை முறை உண்டு. ஊருக்கு நடுவே ஒரு தாய் வயலில் எல்லா ரகங்களையும் ஆராய்ச்சியாளர் நடுவார். சுற்றியுள்ள சேய் வயல்களில் ஒவ்வொரு விவசாயியும் இரண்டு மூன்று ரகங்களை மட்டும் தன் சொந்த ரகத்தோடு சேர்த்து, தன் வழக்கப்படியே வளர்ப்பார். இதன் தம்பி மாதிரி ஒன்று டிரைகாட்: ஆளுக்கு மூன்று ரகம்; எது நல்லது, எது மட்டம் என்ற இரண்டே பதில். நூறு பேரின் பதில்களைச் சேர்த்தால் எந்த ரகம் எந்த மண்ணுக்கு என்று தெரிந்துவிடும். டன் கணக்கு எழுதத் தெரியாதவரும் இதில் கலந்துகொள்ளலாம். கேள்வியை மட்டும் சரியாகக் கேட்க வேண்டும். மரவள்ளியில் பெண்களிடம் கேட்டால் வேறு பதில் வரும்: பிடுங்கும்போது ஒடியாமல் வருகிறதா, காம்பு நீளமா, தோல் எளிதில் உரிகிறதா என்பார்கள். கூலிக்கு ஆள் கிடைக்காத காலத்தில் இவையும் காசுதான்.

மரவள்ளிக் குச்சி: எல்லோரும் தாண்டிப்போகும் இடம்

இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுச் சவ்வரிசி வரத்து நின்றதை ஒட்டி, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளியில் இருந்து சவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார்கள். 1981இல் ஆலை உரிமையாளர்களின் கூட்டுறவு சங்கமாக சேகோசர்வ் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தொழில் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அதன் அடியில் இருக்கும் நடவுக் குச்சி மட்டும் ஏறக்குறைய அன்று இருந்த மாதிரியே கைமாறிக்கொண்டிருக்கிறது.

ரகங்களுக்குப் பஞ்சமில்லை. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்ட எச் 226 இன்றும் இந்தப் பக்கத்தில் தெரிந்த பெயர். குங்குமரோஸ், முள்ளுவாடி, தாய்லாந்து என்று ஊர்ப்பெயர்களும் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரிலேயே இருக்கிறது. ஒய்டிபி 1, ஒய்டிபி 2 ரகங்கள் அங்கிருந்து வந்தவை. மொசைக் நோயை எதிர்க்கும் ஸ்ரீ ரக்ஷா, ஸ்ரீ சக்தி போன்றவை திருவனந்தபுரத்தில் இருந்து வந்துள்ளன. ஆனாலும் வயலில் பார்ப்பது என்ன? இலை முழுக்க மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக, கோணல்மாணலாகச் சுருங்கிய செடிகள்.

மொசைக் இரண்டு வழியில் வருகிறது: நோய்ச் செடியில் இருந்து வெட்டிய குச்சி, வெள்ளை ஈ. எந்த வழி என்பதைச் செடியே சொல்லும். நட்டு முளைத்த முதல் இலையில் இருந்தே மொசைக் இருந்தால் அது குச்சி வழி வந்தது. அடி இலைகள் சுத்தமாக இருந்து மேலே வந்த இலைகளில் மட்டும் திட்டு இருந்தால், இந்தப் பருவத்தில் வெள்ளை ஈ கொண்டுவந்தது. குச்சி வழி வந்த செடிதான் அதிகம் கெடும். கிழங்கு பிடிக்கும் முன்பே இலை கெட்டுவிடுகிறது அல்லவா. இப்படி ஒரு வயலில் வரிசையாக நடந்து எண்ணினாலே எதில் காசு போட வேண்டும் என்று தெரிந்துவிடும். குச்சி வழி நோய் அதிகமுள்ள வயலில் வெள்ளை ஈக்கு மருந்தடிப்பது வீண்செலவு.

மஞ்சள் எல்லாம் மொசைக்கும் இல்லை. சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இரும்புச்சத்து எடுபடாமல் இளம் இலை வெளிறும். அப்போது நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி ஒரே சீராக மஞ்சளாகவும் இருக்கும். இலை வடிவம் கெடாது. மொசைக்கில் மஞ்சள் ஒழுங்கில்லாமல் திட்டாக விழும், இலை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். முதலாவதற்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல் தெளித்தால் புது இலை பச்சையாகும். இரண்டாவதற்கு எதைத் தெளித்தாலும் ஆகாது.

சுத்தமான குச்சி ஏன் கிடைப்பதில்லை என்றால், குச்சியைத் தேர்ந்தெடுக்கும் நேரமே தவறு. பிடுங்கும் சமயத்தில் செடியில் பாதி இலை உதிர்ந்திருக்கும், மொசைக் தெரியாது. தேர்வு செய்ய வேண்டியது நட்ட 2, 3ஆம் மாதம், இலை செழித்து நிற்கும்போது. நோய் இல்லாத, திடமான செடிகளில் பெயிண்ட் தடவி வைக்க வேண்டும். பிறகு இன்னும் ஒருமுறை சுற்றிவந்து, நோய் வந்ததன் பெயிண்டைச் சுரண்டிவிட வேண்டும். பிடுங்கும்போது பெயிண்ட் உள்ள செடிக் குச்சியை மட்டும் தனியாகக் கட்ட வேண்டும். இங்கேதான் எல்லாம் குழம்பும். பிடுங்க வருவது பல இடங்களில் புரோக்கர் கூட்டி வரும் ஆட்கள். அவர்களுக்குக் கிழங்குதான் கணக்கு. குச்சி எல்லாம் ஒரே குவியலாக வரப்பில் கிடக்கும், டெம்போவில் ஏறி அடுத்த ஊருக்கும் போகும்.

இதற்குச் சொந்தக் குச்சி வயல்தான் வழி, அதற்கு அதிக இடமும் வேண்டாம். 75-க்கு 75 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 7,200 கரணை, அதாவது நடுவதற்கு வெட்டிய குச்சித் துண்டு, தேவை. ஒரு நல்ல செடியில் நடத்தகுந்த கரணை 10 கிடைக்கும். அப்படியென்றால் 720 தாய்ச்செடி போதும். அது 10 சென்ட். ஒரு ஏக்கர்காரர் 10, 12 சென்ட்டை ஒதுக்கி, பழைய மரவள்ளி வயலுக்குத் தள்ளி, முளைத்த முதல் இரண்டு மாதத்தில் மொசைக் தெரிந்த செடியை இரக்கம் பார்க்காமல் பிடுங்கி எறிந்தால், அடுத்த ஆண்டுக்கு வெளியில் குச்சி தேட வேண்டியதில்லை. கிழங்கு வழக்கம்போல ஆலைக்குப் போகும். அந்த 10 சென்ட்டிலும் வருமானம் நின்றுவிடாது.

கரணை வெட்டுவதிலும் நுணுக்கம் உண்டு. குச்சியின் இளம் நுனியையும் முற்றிப்போன அடியையும் தள்ளி நடுப்பகுதியை எடுக்க வேண்டும். 15 செ.மீ. நீளம், 8 முதல் 10 கணு. கூரான கத்தியால் வழவழவென்று வெட்ட வேண்டும். நசுங்கினால் அழுகல் அங்கேதான் தொடங்கும். நகத்தால் சுரண்டினால் உடனே பால் வர வேண்டும், வராத குச்சி காய்ந்தது. கார்பென்டசிம் லிட்டருக்கு 1 கிராம் கரைத்து 15 நிமிடம் நனைத்து நடலாம். கண் மேல்நோக்கி இருக்க வேண்டும். கூலி ஆள் அவசரத்தில் தலைகீழாகக் குத்தினால் முளைப்பு தாமதமாகி வயல் ஏற்ற இறக்கமாக நிற்கும். உடனே நடாவிட்டால் குச்சிகளைக் கரணையாக வெட்டாமல் முழுசாக மர நிழலில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். படுக்கப் போட்டு அடுக்கினால் நடுவில் புழுங்கி முளைத்துவிடும்.

இன்னும் வேகமாகப் பெருக்க வேண்டுமென்றால் இரு கணுக் கரணை முறை இருக்கிறது. திருவனந்தபுரம் நிலையம் உருவாக்கியது. இரண்டே கணு உள்ள துண்டுகளை, 35 சதவீத நிழல்வலைக் குடிலுக்குள் 5-க்கு 5 செ.மீ. நெருக்கத்தில் பாத்தியில் நடுவார்கள். மூன்று நான்கு வாரத்தில் கன்று தயார். இதற்குள் மொசைக் உள்ளது முகத்தைக் காட்டிவிடும். அதைப் பாத்தியிலேயே கழித்துவிடலாம். பிறகு 45-க்கு 45 செ.மீ.இல் வயலில் நடவு. வழக்கமான முறையில் ஒன்று பத்தாகும். இதில் ஒன்று அறுபது வரை ஆகும். பாத்திக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், ஒரு நாள் தவறினாலும் துண்டு காய்ந்துபோகும். தனி விவசாயியைவிட ஐந்தாறு பேர் சேர்ந்த குழுவுக்கோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கோ இது பொருந்தும்.

ஏத்தாப்பூரின் இன்னொரு பயிரான ஆமணக்கோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். ஒய்ஆர்சிஎச் 1 வீரிய ஒட்டு ஆமணக்கு. அதன் விதையை ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும்; அதனால் விதை விற்பவருக்கு வேலையும் லாபமும் உண்டு. மரவள்ளிக் குச்சி ஒருமுறை கொடுத்தால் விவசாயியே பெருக்கிக்கொள்வார். கனமானது, சீக்கிரம் காய்வது, தூரத்துக்கு ஏற்றி லாபம் பார்க்க முடியாதது. தனியார் இதற்கு வரமாட்டார்கள். ஆகவே சேலத்துக்கு இன்னொரு புதிய ரகம் வெளியிடுவதைவிட, ஏற்கெனவே உள்ள நோய் எதிர்ப்பு ரகத்தின் சுத்தமான குச்சியை ஊருக்கு ஊர் பெருக்குவதற்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவதே அதிகப் பலன் தரும். ரக வெளியீட்டு விழாவுக்குக் கிடைக்கும் கவனம் குச்சி வயலுக்குக் கிடைக்காது என்பது வேறு கதை.

ஆலை ஏற்காத ரகத்தைப் பெருக்கியும் பயனில்லை. தோல் நிறம், மாவின் வெண்மை, பாயிண்ட், மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பி எவ்வளவு தள்ளும் என்பதெல்லாம் ஆலைக்காரர் பார்ப்பவை. அறுவடைக்கு முன் மழை பெய்து செடி புதுத் துளிர் விட்டால், எந்த ரகமானாலும் கிழங்கில் உள்ள மாவு துளிருக்குப் போய் பாயிண்ட் இறங்கும். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓடிக் கெடத் தொடங்கும். லாரி வாசலில் காத்துக் கிடந்தால் அந்த நட்டமும் விவசாயியின் தலையில்தான். ரகத் தேர்வுக் கூட்டத்தில் ஆலைக்காரர் ஒருவரை முதலிலேயே உட்கார வைப்பது இதற்காகத்தான்.

ஒரு பைசா வாங்காத குளவி

விவசாயியிடம் காசும் கேட்காமல், புதிய பழக்கமும் கேட்காமல் பலன் தரும் ஆராய்ச்சி ஒன்று உண்டு. உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாடு. சேலம் இதை இரண்டு முறை பார்த்துவிட்டது.

2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று ஏறியது. 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவில் இருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாகப் பிடித்துக்கொண்டது, பூச்சி அடங்கியது. அடுத்து 2020இல் கேரளத்தின் திருச்சூர் பக்கம் மரவள்ளிக்கே உரிய மாவுப்பூச்சி கண்டறியப்பட்டு, சேலம், நாமக்கல் வரை வந்தது. இது நுனியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுவதால் கணுவிடை குறுகி, நுனி இலைகள் முட்டைக்கோஸ் போலச் சுருண்டுகொள்ளும்.

இதற்கு விடை ஆப்பிரிக்காவில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1970களில் காங்கோ பகுதியில் நுழைந்த இதே பூச்சி மரவள்ளியை உணவாக உண்ணும் நாடுகளைத் திணற அடித்தது. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா என்பதால் பூச்சியின் எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடினார்கள்; 1981இல் பராகுவேயில் அனகைரஸ் லோபெசி என்ற குளவி கிடைத்தது. அதைப் பெருக்கிப் பல நாடுகளில் விட்ட பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை 2021இல் பெனின் நாட்டில் இருந்து வரவழைத்து, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிவள மையம் பெருக்கியது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் வயலில் விட்டார்கள்.

எள்ளைவிடச் சிறிய குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை வைக்கும். உள்ளே வளரும் புழு பூச்சியைத் தின்று தீர்த்ததும் பூச்சி உப்பி, பழுப்பு நிறத்தில் இறுகிய கூடாகிவிடும். அதில் ஓட்டை போட்டுக்கொண்டு அடுத்த குளவி வெளியே வரும். விவசாயி தெரிந்துகொள்ள வேண்டிய அடையாளம் இந்தக் கூடுதான். சுருண்ட நுனியைப் பிரித்துப் பார்க்கும்போது வெள்ளை மாவோடு மென்மையான பூச்சிகள் மட்டும் இருந்தால் குளவி இன்னும் வரவில்லை. பழுப்புக் கூடுகள் கலந்து இருந்தால் குளவி வேலையில் இருக்கிறது. மருந்தை மூடி வைத்துவிட வேண்டும். மருந்து சுருண்ட இலைக்குள்ளும் மெழுகுப் பூச்சுக்கு அடியிலும் இருக்கும் பூச்சியைச் சரியாகத் தொடாது, வெளியே பறக்கும் குளவியைத்தான் கொல்லும். இரண்டு வாரத்தில் பூச்சி முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும். கடைக்காரர் இன்னொரு டப்பா கொடுப்பார்.

இந்த முறைக்கும் பலவீனம் குச்சிதான். பூச்சியும் முட்டையும் குச்சியின் கணுவில் ஒட்டிக்கொண்டு டெம்போ ஏறும். குளவி பின்னாலேயே போய்ச் சேர நாளாகும். நோய்க்கும் பூச்சிக்கும் ஒரே வாசல்.

ஊடுபயிர்: எதைக் கூட்டுகிறோம்?

மரவள்ளி முதல் இரண்டு மாதம் நிலத்தை மூடாது. அந்த இடைவெளியில் சின்ன வெங்காயம், உளுந்து, தட்டைப்பயறு போடுவது இங்கே பழைய வழக்கம். பத்து மாதம் காத்திருக்கும் பயிருக்கு நடுவே வரும் அந்தக் காசில்தான் மேலுரச் செலவு நடக்கும். மரவள்ளி மகசூலை மட்டும் அளக்கும் சோதனையில் ஊடுபயிர் நட்டமாகவே தெரியும். கற்பனைக் கணக்கு ஒன்று: தனி மரவள்ளி ஏக்கருக்கு 12 டன், ஊடுபயிரோடு 11 டன். தனி உளுந்து 350 கிலோ, ஊடுபயிராக 200 கிலோ. 11-ஐ 12-ஆல் வகுத்தால் 0.92, 200-ஐ 350-ஆல் வகுத்தால் 0.57. கூட்டினால் 1.49. அதாவது இரண்டையும் தனித்தனியாக விளைவிக்க ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் தேவைப்பட்டிருக்கும். இதுதான் நிலச் சமன் விகிதம். ஒன்றுக்கு மேல் என்றால் நிலத்துக்கு லாபம்; கூலிக் கணக்கைத் தனியாகப் போட்டுத்தான் கைக்கு லாபமா என்று சொல்ல முடியும்.

மலையில் அளவுகோல் மாறுகிறது

சேர்வராயன் மலையில் காப்பி, மிளகு. ஏற்காட்டில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மலையாளிப் பழங்குடி விவசாயியின் ஒன்றிரண்டு ஏக்கர் காப்பி பெரும்பாலும் ஏதாவது ஒரு எஸ்டேட்டின் வேலியை ஒட்டி நிற்கும். இங்கே சோதனையை ஒரு வயலுக்குள் வைத்தால் முடிவு தப்பாகும்.

காப்பிப் பழத்தைத் துளைக்கும் காய்த்துளைப்பான் என்ற பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் முதலில் காணப்பட்டது. பறித்த பிறகு செடியில் மிஞ்சிய பழமும் தரையில் உதிர்ந்த பழமும்தான் அதன் அடுத்த தலைமுறைக்கு வீடு. உதிரி பொறுக்குவது, மிச்சப் பழத்தைப் பறித்துவிடுவது, துளை விழுந்த பழத்தைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்குவது என்று கட்டுப்பாட்டு முறை எளியது. ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் ஆள் இல்லாமல் பழம் உதிர்ந்து கிடந்தால் இவர் பொறுக்கியது வீண். ஊர் முழுவதையும் ஒரு சோதனை அலகாக எடுத்து, ஒரே வாரத்தில் எல்லோரும் பொறுக்குகிற ஊரையும் அவரவர் வசதிப்படி பொறுக்குகிற ஊரையும் ஒப்பிடும் ஆராய்ச்சிதான் இங்கே பொருள் உள்ளது. பூச்சி எவ்வளவு தூரம் பறக்குமோ அவ்வளவு பெரிதாகச் சோதனைத் திடல் இருக்க வேண்டும்.

அரபிகா வகைக் காப்பியின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத்துளைப்பான். வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில்தான் வண்டு முட்டை வைக்கும். அதன் பறப்புக் காலம் ஆண்டில் இருமுறை: ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர். அதற்கு முன் பட்டையைத் தேய்த்து வழவழப்பாக்கி, 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ சுண்ணாம்பும் 100 மி.லி. ஃபெவிகால் டிடிஎல் பசையும் கலந்து தண்டில் பூச வேண்டும். பசை இல்லாவிட்டால் முதல் மழையிலேயே வழிந்துவிடும். துளைத்த செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும் என்பதும் பரிந்துரையில் உண்டு. பெரிய எஸ்டேட்டுக்கு நூறு செடி போனால் தெரியாது. ஒரு ஏக்கர்காரருக்குப் புதுச் செடி காய்க்கும் வரை நாலு வருடம் அந்த இடம் வெறும் இடம். அவர் பிடுங்கத் தயங்குவது அறியாமையால் இல்லை. பிடுங்கிய குழியில் வாழையோ மிளகோ வைத்து அந்த நாலு வருடத்தை எப்படிக் கடப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லும் பரிந்துரைதான் எடுபடும். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தை ஒரே அடியாக வெட்டி விற்பதும் இதோடு தொடர்புடையது. நிழல் போனால் தண்டில் வெயில் விழும். மரம் விற்ற காசு அடுத்த ஆண்டு துளைப்பானிடம் போகும்.

மிளகின் வாடல் நோய்க்கு மழைக்கு முன் 1 சதவீத போர்டோ கலவை. 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 50 லிட்டரில், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு 50 லிட்டரில், தனித்தனியாக, மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைக்க வேண்டும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை திரண்டு தெளிப்பானின் நாசிலை அடைக்கும். ஒரு பழைய இரும்புக் கத்தியை நனைத்து எடுத்து, அதில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். படிந்த நிலையில் தெளித்தால் கொடியின் இலை கருகும். அன்றே அடித்து முடிக்க வேண்டும்.

பக்கத்துக் கொல்லிமலையில் சாமை பரப்பு குறைந்து மரவள்ளி ஏறியதற்குக் காரணம் தேடியபோது, விலையோடு சேர்ந்து இன்னொன்றும் தெரிந்தது: சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் வேலை முழுக்கப் பெண்கள் தலையில். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விதை வங்கியோடு உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊருக்குள் கொண்டுபோனது. ரகத்தை மட்டும் கையில் கொடுத்திருந்தால் சாமை திரும்ப வந்திருக்காது.

ஆலோசனைக்குப் போகும்போது

சந்தியூருக்கோ ஏத்தாப்பூருக்கோ போகிறவர் வெறும் கையோடு போனால் பொதுப் பரிந்துரைதான் கிடைக்கும். நன்றாக நோய் வந்த செடி, இப்போதுதான் தொடங்கிய செடி, நல்ல செடி மூன்றிலும் நுனியோடு இலை எடுத்து, தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் மதியத்துக்குள் வியர்த்து அழுகி எதுவும் தெரியாது. மாவுப்பூச்சி உள்ள நுனியை மட்டும் மூடிய டப்பாவில் எடுக்க வேண்டும். வழியில் எல்லா ஊருக்கும் பூச்சியை விதைத்துக்கொண்டு போகக் கூடாது. மண் மாதிரி என்றால் மரவள்ளிக்கு 22 செ.மீ. ஆழம், ஆங்கில வி எழுத்து மாதிரி வெட்டி ஓரத்தில் ஒரு சீவல். வரப்போரம், மரநிழல், குப்பை கொட்டிய இடம் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு இடத்து மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டைத் தள்ளி, மீண்டும் அப்படியே செய்து அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். குச்சி எந்த ஊரில் இருந்து, எந்த மாதம் வாங்கியது என்பதை ஒரு சீட்டில் எழுதி அதோடு வைத்துவிட்டால், அங்கே கேட்கப்போகும் முதல் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.